விண்டோஸ் 10ல இருந்து 11: இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட் எப்படி இருக்கு?

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுடுச்சுல்ல, அதான் வீட்டு லேப்டாப்ப 11க்கு மாத்திட்டேன், மைக்ரோசாஃப்ட் சைட்லயே ஃப்ரீயா கிடைக்கிற இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்லதான். ஃபார்மட் அடிச்சாதான் ஆகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, சி டிரைவ்ல இருந்த போட்டோ, டேலி, டெஸ்க்டாப்ல கெடந்த குப்பை உட்பட எல்லாம் அப்படியே இருக்கு. அதுக்காக பேக்கப் எடுக்காம எறங்காதீங்க, பிட்லாக்கர் (டிரைவ லாக் பண்ணி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா, அத தொறக்கிற ரெகவரி கீயவும் எழுதி வெச்சுக்கங்க.

விண்டோஸ் 11 கேக்குற டிபிஎம் 2.0 (செக்யூரிட்டி சிப்) இல்லன்னு சொல்லுதா? நெறைய மெஷின்ல அது பயாஸ்ல (விண்டோஸ் ஓடறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) சும்மா ஆஃப்ல இருக்கும், இன்டெல்ல பிடிடி, ஏஎம்டில எஃப்டிபிஎம்னு தேடுங்க.

அசிஸ்டென்ட் இல்லாம ஐஎஸ்ஓ (விண்டோஸ் 11 முழுசா இருக்கிற டவுன்லோட் ஃபைல்) வெச்சு பண்றவங்க செட்டப்ப விண்டோஸுக்குள்ள இருந்தே ஓட்டுங்க, அப்பதான் ஃபைலும் ஆப்பும் வெச்சுக்கிற ஆப்ஷன் வரும், பென்டிரைவ்ல பூட் பண்ணா வராது, எதையும் வெச்சுக்காத 'நத்திங்' ஆப்ஷன் பக்கம் போகவே போகாதீங்க.

புடிக்கலன்னா 10 நாளுக்குள்ள பழசுக்கே திரும்பலாம், ஆனா பழைய விண்டோஸ் இருக்கிற விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர எடம் அடைக்குதேன்னு அழிச்சுட்டா அந்த வழி அடைஞ்சிடும். அசிஸ்டென்ட்டுக்கு 4 ஸ்டார் தாராளமா தரலாம், புது ரைட் கிளிக் மெனுவுக்கு ஒண்ணு கூட கிடையாது.