மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை: பூட்ஸும் பீன்ஸும் சொல்லும் போர்

முதல் உலகப் போரைப் பற்றிய எரிக் மரியா ரெமார்க்கின் இந்த ஜெர்மன் நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது. நாஜிகள் 1933 மே மாதம் கொளுத்தியவற்றில் இதுவும் உண்டு. போரைத் திட்டும் பத்திகள் இதில் இருக்கின்றன. ஆனால் நாவலின் பலம் அவற்றில் இல்லை. சாப்பாடு, பூட்ஸ், மண்வெட்டி என்று சாமான்களை வைத்தே வீரக் கதையை உடைக்கிறார் ரெமார்க்.

முதல் அத்தியாயத்தில் சமையல்காரர் 150 பேருக்கு பீன்ஸ் வேகவைத்திருக்கிறார். போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். செத்தவர்களின் பங்கும் கிடைக்கப்போகிறது என்று பையன்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் அந்தப் படைப்பிரிவில் 32 பேர்தான் மிச்சம். இந்த எண்களுக்கு நடுவில் உள்ளதைப் பொறுமையாகப் படியுங்கள்.

துப்பாக்கிக் கத்தியால் குத்தினால் அது எதிரியின் விலாவில் மாட்டிக்கொள்ளும். வயிற்றில் உதைத்துத்தான் பிடுங்க வேண்டும். அதற்குள் உன் கதை முடிந்துவிடும். அதனால் பழைய ஆட்கள் கூராகத் தீட்டிய மண்வெட்டியை எடுக்கிறார்கள். விஷவாயு பள்ளங்களில்தான் அதிக நேரம் தங்கும். குழிக்குள் இருக்கும் புதுப் பையன்கள், மேலே நிற்பவர்கள் முகமூடி இல்லாமல் இருப்பதைப் பார்த்துத் தங்களுடையதையும் கழற்றி, நுரையீரல் வெந்து சாகிறார்கள். வீரம் குறைந்ததால் வந்த சாவு இல்லை இது. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லித்தர வேண்டிய ஆசிரியர் காண்டோரெக், நாட்டுப்பற்றைப் பேசிப் பேசி வகுப்பையே ராணுவத்தில் சேர்த்துவிட்டவர். தயங்கியவன் யோசெஃப் பேம். முதலில் விழுந்தவர்களில் அவனும் ஒருவன். ஒற்றை மகனைப் போருக்கு அனுப்பும் புறநானூற்றுத் தாயைப் பாடமாகப் படித்த நமக்கு அந்த வகுப்பறை புதிதல்ல.

பூட்ஸ்தான் இந்த நாவலின் முதுகெலும்பு. மஞ்சள் நிற மெல்லிய தோல், முழங்கால் வரை கயிறு கட்டும் ஆங்கிலேய பூட்ஸ். அதன் சொந்தக்காரன் கெம்மெரிக்குக்குக் கால் எடுத்தாகிவிட்டது. அவன் படுக்கையருகே நின்று வகுப்புத் தோழன் முல்லர் அதைக் கேட்கிறான். கல்நெஞ்சம் என்று தோன்றும். நல்ல பூட்ஸ் கிடைக்காத இடத்தில் அதுதான் நியாயம் என்று நம்மையே ஒத்துக்கொள்ளவைக்கிறார் ரெமார்க். முல்லர் சாகும்போது அது கதைசொல்லி பவுலுக்கு வருகிறது. பவுல் அடுத்த ஆளையும் அப்போதே சொல்லிவைக்கிறான்: ட்யாடன்.

குறைகளும் உண்டு. பெண்கள் நிழலாக வந்துபோகிறார்கள். போர் ஏன் மூண்டது என்ற கேள்வி சிப்பாய்களின் அரட்டையோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில், தான் குத்திய பிரெஞ்சுக்காரனோடு பவுல் குண்டுக்குழிக்குள் கிடக்கும் பகுதி அபாரம். செத்தவனிடம் அவன் பேசும் பேச்சுதான் கொஞ்சம் நீளம்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு: ஏ. டபிள்யூ. வீனின் பழைய மொழிபெயர்ப்பில் தலைப்பு ‘ஆல் குவயட்’, அதாவது ‘எல்லாம் அமைதி’ என்றாகிவிட்டது. மூலத்தில் அது ராணுவ அறிக்கையின் வரி: புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2022 திரைப்படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். பவுல் விடுமுறையில் ஊருக்குப் போகும் ஏழாம் அத்தியாயம் படத்தில் இல்லை. பாரிஸை எப்படிப் பிடிப்பது என்று பெரியவர்கள் அவனுக்கே வகுப்பெடுப்பது அங்கேதான். படத்தில் அவன் போர் நிறுத்தத்துக்குச் சற்று முன்பு, கடைசித் தாக்குதலில் சாகிறான். நாவலில் 1918 அக்டோபரில், போர்முனை முழுக்கச் சந்தடி இல்லாத ஒரு நாளில். அதுவரை ‘நான்’ என்று பேசிய கதை, கடைசி இரண்டு சின்னப் பத்திகளில் மட்டும் ‘அவன்’ என்று மாறுகிறது.