நீர்த்தேக்கக் கரையில் டென்ட்: அட்வான்ஸ் போடுமுன் இதை வாசியுங்கள்

இலங்கை மலையகத்தில் அட்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கம் வான் பிடித்து வந்து கரையோரம் ஓர் இரவு டென்ட்டில் தங்க நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. எங்களை ஏமாற்றிய இடத்தின் பெயரைப் போடவில்லை. அதே படங்கள் வேறு வேறு பெயர்களில் விளம்பரமாக வருவதால், பெயரைவிட அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் தெரியவேண்டும்.

பேசிய தொகை ஆறு பேருக்கு ஓர் இரவு 27,000 ரூபா. டென்ட், படுக்கை, இராச் சாப்பாடு, பாபகியூ, காலைத் தேத்தண்ணி எல்லாம் அடக்கம் என்று போனில் சொன்னார்கள். முற்பணமாக 15,000 வங்கியில் போட்டாயிற்று. போய்ப் பார்த்தால் ஒற்றைத் துணி டென்ட் இரண்டு, விரல் தடிப்புக்கூட இல்லாத ஸ்பொஞ்ச் ஆறு, அவ்வளவுதான். ஸ்லீப்பிங் பேக் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 1,000, விறகுக் கட்டு 1,500, வான் நிறுத்த 1,000, கழிப்பறைக்குத் தலைக்கு 200. கடைசியில் கொடுத்தது 36,700.

இந்த மேலதிகக் கணக்கு முழுவதும் இருட்டிய பிறகுதான் வாய்க்கு வந்தது. பனிமூட்டத்தில் அந்த வளைவுகளில் பிள்ளைகளோடு யாரும் அட்டனுக்குத் திரும்பமாட்டார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். டென்ட்டைத் திறந்து பார்த்து, எது எது அடக்கம் என்று கேட்டு முடித்த பிறகே மிச்சக் காசைக் கொடுங்கள். போனில் பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பச் சொல்லியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

விளம்பரப் படத்தில் புல்வெளியைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நிற்கும். அது நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது எடுத்த படம். மழை குறைந்த மாதங்களில் மட்டம் நன்றாக இறங்கிவிடும். மவுசாகலையில் அப்படி இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயிலின் இடிபாடுகூட வெளியே தெரியும். அந்த நேரத்தில் கரை என்பது புல்லில்லாத வெறும் வண்டல். அதில் சாதாரண முளைக்கம்பி பிடிக்காது. ஒரு காற்றுக்கே டென்ட் சாயும். அதைவிடப் பெரிய பிழை, புல் முடிந்து வெறும் மண் தொடங்கும் கோட்டுக்குக் கீழே டென்ட் அடிப்பது. அந்தக் கோடு வரை தண்ணீர் வரும் என்பதற்கு அதுவே அடையாளம். மேலே மலையில் கொட்டும் மழை இரவோடு இரவாக மட்டத்தை ஏற்றலாம். "இன்றைக்கு எப்படி இருக்கிறது, வீடியோ கோலில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் அந்த இடம் வேண்டாம். கரை நிலம் பெரும்பாலும் தோட்டத்துக்கோ நீர்த்தேக்கத்தை நிர்வகிப்பவர்களுக்கோ உரியது. ஆகவே யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும்.

ஒற்றைத் துணி டென்ட்டில் மழையே பெய்யாவிட்டாலும் விடியும்போது படுக்கை ஈரமாகும். மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டும். மேலே தனி மழைத்துணி, அதற்கும் உள்துணிக்கும் நடுவில் இடைவெளி, இரண்டும் வேண்டும். கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்தி அடியில் கொண்டுவந்து விடும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். மெல்லிய ஸ்பொஞ்ச் உடல் பாரத்தில் அமுங்கிவிடுவதால், எத்தனை போர்வை போர்த்தினாலும் நிலத்துக் குளிர் முதுகில் ஏறும்.

அந்தக் குளிரில்தான் உயிருக்கே ஆபத்தான யோசனை வருகிறது. பாபகியூ முடிந்ததும் "தணலை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், சூடாக இருக்கும்" என்று முகாம் பொடியன் தட்டோடு கொண்டுவந்தான். அதை உள்ளே வைக்க ஒருபோதும் விடாதீர்கள். புகையே இல்லாத கரித்தணலிலிருந்தும் காபனோரொட்சைட்டு வாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று போய் எழும்பவே முடியாமல் போகும். டென்ட் சிப்பைக் கொஞ்சம் திறந்து வைப்பது போதாது. எரிவாயு அடுப்பையும் உள்ளே பற்றவைக்க வேண்டாம். யாருக்காவது தலை கனத்தால் உடனே வெளியே கொண்டுவந்து 1990 அம்பியூலன்ஸுக்கு அழையுங்கள்.

சிறிய பியூட்டேன் கேன் குளிரில் அழுத்தம் குறைந்து சுவாலை சுருங்கும். உடனே "கேன் முடிந்தது" என்று புதியதற்குக் காசு கேட்பார்கள். குலுக்கிப் பாருங்கள், உள்ளே அலம்பினால் வாயு இருக்கிறது. அடுப்பை அணைத்து, கேனைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சநேரம் வைத்தால் திரும்ப எரியும். நெருப்பின் பக்கத்தில் வைத்துச் சூடாக்கவே கூடாது.

மழைக்காலத்தில் புறப்படும் நாள் காலையில் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முற்பணம் போனாலும் பரவாயில்லை.

காசு போய்விட்டால், வங்கிச் சீட்டு, குறுஞ்செய்திகள், விளம்பரத்தின் படம் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். முற்பணம் வாங்கிவிட்டு ஆளே காணாமல் போனால், அன்றே வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். கணக்கில் காசு மிச்சமிருக்கும்போதே சொன்னால்தான் வங்கியால் எதையாவது செய்யமுடியும்.