வினாத்தாள் அடிக்க டெக்: மூன்று வருடம் பாவித்த அனுபவம்

கொக்குவிலில் உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். முன்பு வினாத்தாள்களை ஒரு கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பித்தேன். ஒருமுறை எக்ஸ் வர்க்கத்தின் அடுக்கு கீழே இறங்கி, வெறும் 2 ஆக நின்றது. பிள்ளைகள் அரை மணித்தியாலம் பிழையான சமன்பாட்டோடு மினக்கெட்டார்கள். அன்றிரவே டெக்கை (TeX), அதாவது கணிதத்தை அழகாக அச்சுக்கோக்கும் கணினி மென்பொருளை, இறக்கினேன். காசில்லை, இலவசம்.

செய்தவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி டொனால்ட் கனூத். 1963 இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம், 1974 இல் கணினித்துறையின் உயர்ந்த விருதான டியூரிங் விருது. 1977 இல் கணினி நிரலாக்கம் பற்றிய தன் நூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து மனம் வெறுத்துத்தான் இதைத் தொடங்கினார். ஒரு வருட வேலை என்று நினைத்தது பத்து வருடத்துக்குக் கிட்ட இழுத்தது. விருது வாங்கிய ஒரு மனிசன், எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை வைத்துவிட்டு எழுத்துகளின் வளைவைப் படிக்கப் போயிருக்கிறார்! அந்தப் பத்து வருடத்தின் பலனைத்தான் நான் ஒவ்வொரு தாளிலும் அனுபவிக்கிறேன்.

வர்க்கமூலத்துக்குள் ஒரு பின்னத்தைப் போட்டுப் பாருங்கள். மேற்கோடு தானாக உயர்ந்து, தொகுதியெண்ணையும் பகுதியெண்ணையும் அளவாக மூடி நிற்கும். வரி முறிப்பதிலும் அப்படித்தான்: ஒரு வரியை மட்டும் பார்க்காமல் பந்தி முழுவதையும் பார்த்தே எங்கே முறிப்பது என்று தீர்மானிக்கும்.

தமிழுக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். மூல டெக்குக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறிமுறை) தெரியாது, அது தெரிந்த வடிவமான ஸீலாடெக் (XeLaTeX) வேண்டும். பழைய பாமினித் தாள்களை யூனிகோடுக்கு மாற்றித்தான் எடுக்கலாம். எங்கள் நீளச் சொற்கள் ஓரத்தைத் தாண்டி ஓடும். தமிழ்ச் சொற்பிரிப்பு விதிகளைச் சேர்த்த பிறகே அடங்கின. அடிக்கும் கட்டளையில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டால் வேறெங்கேயோ பிழை காட்டும், முதல் மாதம் அழுகை வரும். முழுத்தொகுப்பு பல ஜீபீ. தெரிந்தவரிடம் பென்டிரைவில் வாங்குவது நல்லது.

கனூத் தன் நூலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை 256 சதம், அதாவது 2.56 டொலர், கொடுத்து வந்தவர். நான் என் தாளில் பிழை பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு பேனை கொடுக்கிறேன். டெக்கின் பதிப்பிலக்கமும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை (π) என்ற கணித மாறிலியின் பெறுமானத்தை நோக்கி ஓரிலக்கம் நீளும். 2021 இல் வந்தது 3.141592653. இதைக் கரும்பலகையில் எழுதினபோது பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் சொன்னான்: "சேர், அடுத்த முறை 5 வரும்."