ஆழ்வார்பேட்டையில் ஒரு 'வியன்னா' காபிக் கடை

வியன்னாவில் மகள் வீட்டில் 90 நாள் இருந்துவிட்டு வந்தவள் நான். அதனால் 'வியன்னா பாணி' என்று போர்டைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிட்டேன். கடைப் பெயர் வேண்டாம்.

மெலாஞ்ச், அதாவது மேலே பால் நுரை போட்ட வியன்னா காபி, 290 ரூபாய். நுரை சரி, காபி சுமார். ஆனால் தண்ணீர்? அங்கே காபியோடு சின்னத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காமலே வரும். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர்தான் அந்த ஊர்க் குழாயில். கேன் தண்ணீர் பழகிய நான் முதல் வாரம் அதையும் காய்ச்சிக் குடித்தேன், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே பாட்டிலை வைத்து 60 ரூபாய் பில்லில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே மரச்சட்டத்தில் கோத்த பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே கப்போடு மத்தியானம் முழுக்க உட்காரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். இங்கே இருபதாவது நிமிஷம், "வேற ஏதாவது வேணுமா மேடம்?"

ஆப்பிள் ஸ்ட்ரூடல் (ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுடுவது) என்று வந்தது பேக்கரி பப்ஸ். மாவு பேப்பர் மாதிரி மெலிசாக இருக்கணும், சாமி! ஏசி மட்டும் பிரமாதம். பார்க்கிங் கிடையாது.