நல்ல பெட்டிதான், வாங்க வேண்டாம்

எலெக்ட்ரானிக்ஸில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் வைத்திருக்கும் அதே தொடக்கப் பெட்டியை வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். புதியவர்கள் பழகத் தேவையான கருவிகளும் பாகங்களும் ஒன்றாக அடங்கிய பெட்டி அது; சில வருடங்களாக என் மேசையில் இருக்கிறது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

அதிலுள்ள, வோல்டேஜ், மின்தடை போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய துல்லியத்தை அதனிடம் யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. ஆனால் இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பஸ்ஸர், முனைகள் தொட்ட கணமே ஒலிக்கிறது. சற்று யோசித்துவிட்டு ஒலிக்கும் மீட்டர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் மதிப்பை அதன் வண்ணக் கோடுகள் சொல்லும். நீல உடம்பு ரெசிஸ்டர்களில் எது பழுப்புக் கோடு, எது சிவப்பு என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மீட்டரில் வைத்தால் தீர்ந்தது. பற்று உலோகத்தை உருக்கிப் பாகங்களை இணைக்கும் சால்டரிங் அயர்னும் பரவாயில்லை. 350 டிகிரி செல்சியஸில் வைத்தால் வேலை ஓடுகிறது.

எல்லாவற்றையும் கெடுப்பவை பிரெட்போர்டும் அதனோடு வந்த ஜம்பர் வயர்களும்தான். பிரெட்போர்டு என்பது, சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகியே சர்க்யூட் அமைக்க உதவும், 830 துளைகள் கொண்ட பலகை; துளைகளை இணைக்கச் செருகும் கம்பிகள்தான் ஜம்பர் வயர்கள். ஓரத்தில் மின்சாரம் கொடுக்கும் வரிசைக்குச் சிவப்புக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே உலோகப் பட்டையோ நடுவில் துண்டாகிக் கிடக்கிறது. துண்டாக இருப்பது குற்றமில்லை, இரண்டு வேறு வோல்டேஜ் கொடுக்க உதவும். அப்படியானால் கோட்டிலும் இடைவெளி விட்டிருக்க வேண்டாமா?

அதையாவது இரண்டு துண்டு வயரால் இணைத்துவிடலாம். ஜம்பர் வயருக்கு மருந்தே இல்லை. 555 என்ற டைமர் சிப்போடு எல்இடி விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருக்கும். மேசையில் முழங்கை பட்டால் நின்றுவிடும். வயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்தேன், ஒலித்தது. கறுப்புப் பிளாஸ்டிக் தலையை ஒட்டி லேசாக வளைத்தேன், ஒலி அறுந்தது. தலையைக் கழற்றினால், மெல்லிய செம்பு இழைகள் உலோக முனைக்குள் சரியாக நசுக்கப்படாமல் தொங்குகின்றன. பழகியவருக்கு இது வயர்க் கோளாறு. புதிதாக வருபவரோ தன் சர்க்யூட்தான் தப்பு என்று எண்ணி, சரியாக இருந்ததைப் பிரித்துப்போடுவார். என் கோபமெல்லாம் இதற்குத்தான்.

எண்ணிப் பார்த்தால் பெட்டியில் பெரும்பாலானவை நல்ல பொருள்கள். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதினேன். பஸ்ஸர் உள்ள மீட்டர், கம்பியை இறுகப் பிடிக்கும் பிரெட்போர்டு, ஒற்றைக் கம்பியாலான 22 கேஜ் தடிமன் வயர், அதன் உறையை உரிக்க ஒரு ஸ்ட்ரிப்பர், கொஞ்சம் ரெசிஸ்டர், எல்இடி. தொடங்க இவை போதும். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுகளில், 1என்4007 போன்ற தடித்த கால் உள்ளவற்றைப் பிரெட்போர்டில் திணிக்க வேண்டாம், உள்ளே பிடிமானம் தளர்ந்துவிடும். சால்டரிங் அயர்ன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் உங்கள் பெட்டியை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. மல்டிமீட்டரைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.