வுட் பர்னிங் கிட் வாங்கும் முன் கைப்பிடி ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள்

பாரிமுனையைச் சுற்றியுள்ள சந்துகளில், ஹார்டுவேரும் கிஃப்ட் சாமானும் சேர்த்து விற்கிற சில கடைகளில் ‘வுட் பர்னிங் கிட்’ என்று ஒரு நீல அட்டைப்பெட்டி தொங்குகிறது. உள்ளே பேனா மாதிரி ஒரு சூட்டுக்கோல், இருபது சொச்சம் முனைகள், ஸ்டென்சில், கார்பன் பேப்பர், வட்டமாக வெட்டிய நாலைந்து மரத்துண்டு. மரத்தில் சூடு போட்டுப் பெயரோ படமோ வரைகிற வேலைக்கு. அந்தப் பெட்டியை யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை பிளக்கில் சொருக வேண்டாம்.

வியாசர்பாடியில் எங்கள் தெருப் பையன்கள் ஒரு கேரம் கிளப் நடத்துகிறார்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம், மரத்தில் பெயர்ப்பலகை செய்யலாம் என்று பேச்சு வந்தது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் வெகுநாள் ஆசை. ஆன்லைனில் வாங்குவதைவிட நேரில் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கலாம் என்றுதான் பாரிமுனைக்குப் போனேன்.

கடைக்காரர் ₹1,200 என்று ஆரம்பித்தார். “தலைவா, ஃபாரின் ஐட்டம். புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே வர்றது.” பேரம் பேசி ₹750க்கு முடிந்தது. ஒரு தடவை சொருகிக் காட்டுங்கள் என்றேன். “சூடு ஏத்துனா முனை கறுத்துடும் சார், அப்புறம் புதுசுன்னு எவன் வாங்குவான்?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. பில் கேட்டதற்கு, கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதித் தந்தார். பணத்தை ஜிபேயில் போட்டிருந்தேன். பின்னால் உதவியது அது ஒன்றுதான்.

வீட்டில் சொருகினேன். இந்த வகைக் கோல் சூடேறவே ஐந்து நிமிஷமாவது ஆகும் என்று படித்திருந்தேன். இது ஒரு நிமிஷத்தில் புகைய ஆரம்பித்தது. முனையை மரத்தில் வைத்ததும் கோடு விழவில்லை, பள்ளம் விழுந்தது, ஓரமெல்லாம் கரி. பழுப்பு நிறம் என்ற பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பிடியின் முன்பக்க பிளாஸ்டிக் இளகி, முனையைப் பிடித்திருக்கும் வளையத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு விஷயம்: இடது கை தவறுதலாக உலோகக் குழாயில் உரசியபோது சுளீரென்று ஒரு ஷாக். தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் குழாய் முழுக்க விளக்கு எரிகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பார்த்தவுடன் கைப்பிடியில் இருந்த ‘220 வோல்ட் 30 வாட்’ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருந்தது: 110 வோல்ட், 30 வாட். “தம்பி, இது நம்ம ஊரு கரன்ட்டுக்குச் செஞ்சதே இல்ல” என்றார். ஒயரை இழுத்துக் காட்டினார். அமெரிக்காவில் போடுகிற தட்டைப் பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, நம் ஊர் இரண்டு பின் பிளக்கை ஒட்டுப்போட்டு, மேலே கறுப்பு டியூப் ஏற்றி மறைத்திருக்கிறார்கள். அதாவது தெரியாமல் நடந்த தப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

110 வோல்ட் காயிலை நம் 230 வோல்ட்டில் போட்டால் வோல்ட்டேஜ் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடுகிறது. ஆனால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும், நாலு மடங்குக்கும் மேல். 30 வாட் கோல் 131 வாட் இழுக்கிறது. அதற்குத்தான் அந்தப் புகை, அந்தப் பள்ளம்.

அண்ணன் மீட்டரிலும் போட்டுக் காட்டினார். ஸ்டிக்கரில் எழுதியபடி 220 வோல்ட்டில் 30 வாட் என்றால் பிளக்கின் இரண்டு பின்னுக்கும் நடுவே சுமார் 1,600 ஓம் மின்தடை காட்ட வேண்டும். 110 வோல்ட் 30 வாட்டுக்கு 403 ஓம். மீட்டர் காட்டியது 400 சொச்சம். மல்டிமீட்டர் வைத்திருக்கிறவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். கரன்ட்டே தேவையில்லை, முனையும் கறுக்காது. ஒன்று, இந்தச் சோதனை திருகு இல்லாத சாதாரணக் கோலுக்குத்தான். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் நடுவில் சர்க்யூட் இருக்கும், அளவு சரியாக வராது.

திருகு பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான கோல்களில் ‘200 முதல் 450 டிகிரி’ என்று போட்டிருக்கும். அவற்றில் பலவற்றில் சூட்டை அளக்க உள்ளே எதுவுமே கிடையாது. போகிற கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். பயன் இல்லை என்று சொல்லவில்லை. அந்த எண்ணை நம்பாமல், துண்டு மரத்தில் தேய்த்து நிறத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷாக் அடித்ததற்குக் காரணம் வேறு. கையில் படும்படி உலோகக் குழாய் உள்ள கோலுக்கு எர்த் வேண்டும், அதாவது மூன்று பின் பிளக். உள்ளே காயிலுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் மைக்கா கொஞ்சம் விட்டாலும் கரன்ட் குழாய்க்கு வந்துவிடும். எர்த் இருந்தால் அது அந்த வழியில் போகும். இல்லையென்றால் நம் வழியாகப் போகும். கரன்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டில் இருந்தால் டிரிப் ஆகும். எங்கள் பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் “உங்க ஏரியால கரன்ட் ஜாஸ்தியா வந்திருக்கும்” என்றார். ஸ்டிக்கரைக் காட்டினேன். “எங்களுக்கு வர்றதே அப்படித்தான், நாங்க என்ன பண்றது?” என்றார். அப்புறம் “எலெக்ட்ரிக் ஐட்டத்துக்கு கேரண்டி இல்ல சார்.” கடைசியாக, பெரிய மனது பண்ணி, அதே நீலப் பெட்டியில் இன்னொன்றை எடுத்து நீட்டினார். அதையும் சுரண்டினேன். அடியில் 110. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கையில் அதே பெட்டி, பத்தாவது படிக்கிற பையனுக்காம். அவர் வைத்துவிட்டுப் போனதும்தான் கடைக்காரருக்குக் கோபம் வந்தது.

சரி, மரத்துக்கு வருகிறேன். அதிலும் ஏமாற்றுதான். பெட்டிக்குள் இருந்த வட்டங்களை ‘பைன் மரம்’ என்று சொல்லிக் கொடுத்தார். ஓரத்தைப் பார்த்தால் ரேகையே இல்லை. பழுப்பாக, அழுத்திய அட்டைபோல் சீராக இருக்கிறது. அது எம்.டி.எஃப். மர நாரைப் பிசின் போட்டு அழுத்திய பலகை. அந்தப் பிசின் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. சூடு போட்டால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும். அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மலிவு பிளைவுட்டிலும் இதே வகைப் பிசின்தான். முகமூடி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். என்95 புகையில் வரும் தூளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு என்று விற்கிற பெட்டிக்குள் இதை வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ₹750ஐவிடப் பெரிய எரிச்சல்.

வடசென்னையில் இருக்கிற நமக்கு இன்னொரு ஆசை வரும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுகளிலிருந்து, சரக்குக்கு அடியில் வைக்கும் பேலட் கட்டை சல்லிசாகக் கிடைக்கும். வாங்கும்போது அதில் சூட்டு முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டுக் குறியீடு, அப்புறம் இரண்டு எழுத்து இருக்கும். ‘எச்.டி.’ (HT) என்றால் பூச்சிக்காக வெப்பத்தில் பதப்படுத்தியது. ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்தது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரை இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிக் கறை படிந்ததும் வேண்டாம். காசிமேட்டில் உடைத்த பழைய படகுப் பலகை பார்க்க அழகாக இருக்கும். பெயின்ட் மேல் சூடு போடவே கூடாது, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வார்னிஷ் அடித்த எதுவும் அப்படித்தான். வரைந்து முடித்த பிறகுதான் வார்னிஷ்.

பதிலுக்கு, பக்கத்தில் எந்த ஆசாரி பட்டறையிலும் மாமரம், குமிழ், ரப்பர் மரத் துண்டுகள் மூலையில் கிடக்கும். வெளிர் நிறம், நெருக்கமான ரேகை. கற்றுக்கொள்ள இதுவே போதும். தேக்கு எண்ணெய்ப்பசை உள்ளது, நிறமும் அடர்த்தி, புதியவர்களுக்கு ஒத்துவராது. நிஜ பைனிலும் பிசின் உண்டு. ரேகை ஒரு இடம் கெட்டி, ஒரு இடம் மெத்து என்று இருப்பதால் கோடு குதிக்கும். 220 நம்பர் உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முக்கால்வாசிப் பேர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

கருவி? என்னைக் கேட்டால், முதலில் கிட்டே வேண்டாம். ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருக்கும் 25 வாட் சோல்டரிங் அயர்ன், பெயர் தெரிந்த கம்பெனியுடையது, 230 வோல்ட் என்று உடம்பிலேயே அச்சானது, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதில் மூன்று பின் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். புதிய பிட் (அயர்னின் முனை) போடுங்கள். ஈயம் பற்ற வைத்த பழைய பிட்டை மரத்தில் வைக்காதீர்கள். பிட் வெறும் செம்பாக இருந்தால் அரத்தால் ராவி கத்தி முனையாகவோ கரண்டி முனையாகவோ ஆக்கிக்கொள்ளலாம். மேலே இரும்பு முலாம் பூசியதை ராவக் கூடாது, முலாம் போனால் பிட் சீக்கிரம் அரித்துவிடும். பெயர் எழுத, தடித்த கோடு போட, ஓரம் கறுக்க இது தாராளம். முகம், இறகு மாதிரி நுணுக்கம் வேண்டுமென்றால் அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, நிக்ரோம் என்ற உலோகக் கம்பி முனை உள்ள மெஷினுக்குப் போகலாம். அது குறைந்த வோல்ட்டேஜில் ஓடுவதால் ஷாக் பயமும் குறைவு. விலை அதிகம், முதல் நாளே தேவையில்லை.

இருபது முனை தருகிறான் என்று மயங்க வேண்டாம். எனக்கு வந்த பெட்டியில் பாதிக்கு மேல் ஒரே வடிவம். சிலதில் மரையே சரியாக ஏறவில்லை. ஒன்றை அரத்தால் உரசினால் பொன்னிறத்துக்கு அடியில் வெள்ளை உலோகம், பித்தளையே இல்லை. கத்தி முனை, உருண்டை முனை, நிழல் தீட்டத் தட்டை முனை, இந்த மூன்றும்தான் உழைக்கும். முனை மாற்றுவதென்றால் அணைத்து, முழுக்க ஆறவிட்டு மாற்றுங்கள். சூட்டோடு கட்டிங் பிளேயரால் திருகினால் மரை போய்விடும்.

வரையும்போது அழுத்தாதீர்கள். அழுத்தினால் கறுப்பு வராது, பள்ளம்தான் வரும். நிறம் வேண்டுமென்றால் மெதுவாக இழுக்க வேண்டும். முனை நகர்ந்துகொண்டே மரத்தைத் தொட வேண்டும், நகர்ந்துகொண்டே எழ வேண்டும். நின்றால் அங்கே ஒரு கறுப்புப் பொட்டு விழும். கரி படிந்தால் நுண்ணிய உப்புத்தாளில் லேசாகத் துடையுங்கள். சின்ன ஃபேனைப் புகையை வெளியே இழுக்கும்படி ஜன்னல் பக்கம் வையுங்கள். மேலிருந்து சீலிங் ஃபேன் அடித்தால் முனை ஆறிக்கொண்டே இருக்கும், புகையும் முகத்துக்குத்தான் வரும்.

பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்.ஆர்.பி., புகாருக்கு ஒரு நம்பர், எதுவுமே இல்லை. பாக்கெட் பொருளில் இவை இருக்க வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. பில் கொடுக்காததும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு ஏதும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். இதை அச்சடித்து, ஜிபே ரசீதோடு கொண்டுபோய் மேஜையில் வைத்ததும் குரல் இறங்கியது. ₹400 கொடுத்தார்கள். மீதிக்கு ‘அடுத்த மாசம் வாங்க’. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நகரவில்லையென்றால் வடசென்னைக்கென்று தனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; ₹5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ₹350க்கு அங்கே போவாயா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். போவதாகத்தான் இருக்கிறேன், அந்தப் பெட்டி இன்னும் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.