'1000 வாட்ஸ்' சாஃப்ட்பாக்ஸ் செட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

போர்ட்ரெய்ட் (ஆட்களின் முகப் படம்) எடுக்கப் பழகுகிறேன் என்று கேமரா கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது இரட்டை சாஃப்ட்பாக்ஸ் செட்தான்; விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்தி வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டிதான் சாஃப்ட்பாக்ஸ். கோவையில் ஒரு கடையில் நான் வாங்கிய செட்டின் அட்டைப்பெட்டியில் '1000 வாட்ஸ், சிஆர்ஐ 95' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சிஆர்ஐ என்றால், நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண். குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டும், ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள், இந்த வெளிச்சம் போதுமா என்று கேட்டேன். "தாராளமா போதுங்க சார், ஸ்டுடியோவுக்கே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டில் அந்த எல்இடி பல்பைக் கழற்றிப் பார்த்தால் அதன் கழுத்தில் பொடி எழுத்தில் 45 வாட்ஸ். மின் அளவு காட்டும் பிளக் மீட்டரில் போட்டால் அதுவும் இல்லை, 38தான். அப்படியானால் 1000? பழைய குண்டு பல்பு எவ்வளவு மின்சாரம் இழுத்தால் இதே வெளிச்சம் வருமோ, அந்தக் கணக்காம். அப்படிப் பார்த்தாலும் இரண்டு பல்பும் சேர்ந்து 1000-ஐ எட்டாது. இது பச்சைப் பொய்.

லென்ஸ் திறப்பு எஃப்/4, ஷட்டர் 1/200 நொடி வைத்தால், வெளிச்சம் போதாமல் கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600-க்கு ஏற்றவேண்டியிருந்தது. அதோடு படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கினால் பட்டை போய்விடும், ஆனால் ஓடுகிற குழந்தையின் முகம் கலங்கிவிடும். கடையிலேயே செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். விளக்கு துடிப்பது அப்பட்டமாகத் தெரியும்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது நிறத்தைப் பார்த்துத்தான். மாநிறத் தோல் எல்லாம் பச்சை கலந்த சாம்பலாக வந்தது. சிஆர்ஐ என்பது எட்டு நிறங்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு, அதாவது ஆர்9, அதில் சேராது. தோலுக்கு உயிர் கொடுப்பதே அந்தச் சிவப்புதான். ஆகவே ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள்; பதில் இல்லாத விளக்கை வாங்காதீர்கள். உங்கள் உள்ளங்கையை அந்த வெளிச்சத்தில் ஒரு படம், வாசல் வெயிலில் ஒரு படம் எடுத்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது "பாக்ஸ் பிரிச்சாச்சு, பில்லுலயே ரிட்டர்ன் இல்லைன்னு போட்டிருக்கு" என்றார்கள். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். பெட்டியின் படம், மீட்டர் படம், பில் மூன்றையும் வைத்திருந்தேன். அப்புறம்தான் பணம் வந்தது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் "கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பில் இல்லாவிட்டால் என் புகார் நின்றிருக்காது.

சரி, வேறு என்ன வாங்கலாம்? அசையும் ஆளைப் படம் எடுக்க எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட பிளாஷ் நல்லது; கண நேரத்தில் மின்னி அசைவை உறையவைத்துவிடும். கோடாக்ஸ் டிடி600 (TT600) போன்ற, வெளிச்ச அளவை நாமே வைக்கும் மேனுவல் பிளாஷ் ஒன்று, கேமராவிலிருந்து அதை மின்னவைக்க உங்கள் கேமராவுக்கான டிரிக்கர், 43 அங்குல வெள்ளைக் குடை, ஒரு ஸ்டாண்ட், குடையையும் பிளாஷையும் பிடிக்கும் பிராக்கெட். இவ்வளவு போதும். பிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பர் 60 என்று போட்டிருப்பதும், ஒளியைக் குறுக்கிக் குவிக்கும் அதன் ஜூமை 200 மில்லிமீட்டரில் வைத்து அளந்தது. குடைக்குள் அந்த அளவு கிடைக்காது, ஆனாலும் வீட்டு அறைக்குத் தேவையானது கிடைக்கும். குடையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், நிழலும் கடினமாகும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை வைத்தால் இரண்டாவது விளக்கே வேண்டாம்.

ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த செட்டோடு வந்தது கை பட்டாலே சாய்ந்தது. கனமானதாக வாங்கி, காலில் ஒரு மணல் பையையும் போடுங்கள். குழந்தைகள் ஓடுகிற வீட்டில் அது இல்லாமல் குடையை விரிக்கவே கூடாது.